தோல் பட்டறைச் சிறுவன் மார்ஷல் ஆனான்!

பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு மாஸ்கோவுக்கு ரயில் ஏறியபோது, ஜார்ஜி ஜுகோவுக்கு 12 வயதுகூட நிறையவில்லை. ஆண்டு 1908. தந்தை செருப்புத் தைப்பவர். தாய் கூலிக்குப் பாரம் ஏற்றுபவர். மூன்று ஆண்டுப் பள்ளிப் படிப்போடு, உரோமத்தோலில் குளிராடை தைக்கும் தாய்மாமன் பட்டறையில் சேர்ந்தான் சிறுவன். தரையில் படுக்கை, தவறு செய்தால் அடி. வேலை முடிந்த பிறகு இரவு வகுப்புக்குப் போய்ப் படித்தான்.

1915-இல் கட்டாய ராணுவ சேவை அழைத்தது. குதிரைப் படையில் சேர்ந்தார். புரட்சிக்குப் பிறகு செஞ்சேனைக்கு வந்தார். 1939-இல் மங்கோலிய எல்லையில் ஜப்பானியப் படையை முறியடித்தார். 1941 ஜனவரியில் ரஷியாவின் தலைமைத் தளபதி ஆனார்.

அதே ஆண்டு ஜூன் 22-ந் தேதி ஹிட்லரின் படை ரஷியாவுக்குள் புகுந்தது. ஜூலை இறுதியில் ஜுகோவ், ஸ்டாலின் முன் நின்றார். கீவ் நகரை விட்டுப் பின்வாங்கினால்தான் படை தப்பும் என்று சொன்னார். ஸ்டாலின் சீறினார். எதிர்த்துப் பேசியவர்கள் உயிரோடு வீடு திரும்பாத காலம் அது. ஆனாலும் ஜுகோவ் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பதவி பறிபோனது.

செப்டம்பரில் கீவ் வீழ்ந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ரஷியா இழந்தது.

பிறகு நெருக்கடி வந்த இடத்துக்கெல்லாம் ஸ்டாலின் அவரையே அனுப்பினார். முதலில் லெனின்கிராடு. அக்டோபரில் மாஸ்கோ. டிசம்பரில் மாஸ்கோ வாசலிலிருந்து ஜெர்மானியர் விரட்டப்பட்டனர். ஸ்டாலின்கிராடு முற்றுகைத் திட்டத்தை வாசிலெவ்ஸ்கியுடன் சேர்ந்து வகுத்தார். 1945 மே மாதம் பெர்லினில் ஜெர்மனியின் சரணாகதியை ஏற்றதும் அவரே.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. 1942-இல் ரிஷேவ் பகுதியில் அவர் நடத்திய தாக்குதல்கள் தோற்றன. பெர்லின் வழியிலும் ஏராளமான வீரர்கள் மடிந்தனர். வீரர்களின் உயிரைத் தாராளமாகச் செலவிட்டார் என்ற பழி இன்றும் அவர் மீது உண்டு.

1945 ஜூன் 24-ந் தேதி கொட்டும் மழையில், வெள்ளைக் குதிரை மீது அமர்ந்து வெற்றி அணிவகுப்பைப் பார்வையிட்டார். அந்தப் புகழே அவருக்கு எமனாயிற்று! மறு ஆண்டே ஸ்டாலின் அவரை ஒடெசாவுக்கு மாற்றினார். 1948-இல் அதையும்விடத் தொலைவான யூரல் பகுதிக்குத் தள்ளினார்.

ஸ்டாலின் மறைந்த பின் மீண்டும் ஏற்றம். 1955-இல் ராணுவ மந்திரி ஆனார். 1957 தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியவரை, குருஷேவ் பதவியிலிருந்து நீக்கினார்.

நீண்ட காலம் அவர் பெயர் அடிபடவே இல்லை. அவர் வீட்டில் அமர்ந்து நினைவுகளை எழுதினார். 1969-இல் வெளிவந்த அந்த நூலை மக்கள் போட்டி போட்டு வாங்கினர். 1974 ஜூன் 18-ந் தேதி, 77-வது வயதில் காலமானார்.

1995-இல் மாஸ்கோவில், செஞ்சதுக்கத்தின் அருகே அவருக்குச் சிலை எழுப்பினார்கள். கூலிக்கு வந்த சிறுவன், அந்த நகரத்திலேயே குதிரை மீது அமர்ந்திருக்கிறார்.