நுங்கம்பாக்கத்தில் ஒரு கோள் தேடியவர்

சூரியனைத் தவிர மற்ற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டா? இக்கேள்விக்கு அளவீடுகளைக் காட்டி விடை சொல்ல முற்பட்ட முன்னோடி ஒருவர் சென்னை நுங்கம்பாக்கத்தில் பணிபுரிந்தார் என்றால் வியப்பாக இருக்கும். அவர்தான் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

1813-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பொறியியல் படையில் சேர்ந்து நில அளவைப் பணி செய்தார். பூனாவில் சொந்தமாகச் சிறு வானாய்வுக்கூடம் அமைத்து, இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியலிட்டார். அந்த உழைப்புதான் 1848-இல் அவரைச் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. 1792-இல் எழுந்த அக்கூடத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது!

'70 ஓஃபியூக்கி' என்பது ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளில் சுற்றிவரும் இரு விண்மீன்கள். கணக்கிட்ட பாதையிலிருந்து அவை சற்றே விலகுவதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அவற்றை இழுத்திருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். அந்தக் கோள் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. அவர் கண்ட விலகல் அளவீட்டுப் பிழையே. ஆயினும் அவர் தேடிய வழி தவறன்று. ஒரு கோள் தன் விண்மீனை இழுப்பதைக் கொண்டே, 1995-இல், சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றுக்குக் கோள் இருப்பது உறுதியானது. இடையில் 140 ஆண்டுகள்!

இவ்வகை அளவீட்டுக்குப் பெரும் பகை காற்று. எங்கள் லூமுட் படகுத்துறையில் நின்று பங்கோர் தீவுப் பக்கம் பார்த்தால், அடிவானத்து விண்மீன்கள் நடுங்குவது தெரியும். நடுங்கும் புள்ளியை எப்படி அளப்பது? காற்று மண்டலத்துக்கு வெளியே போய்விடலாம் என்பது இன்றைய திட்டம். பல தொலைநோக்கிகளை விண்வெளியில் இடைவெளிவிட்டுப் பறக்கவிட்டு, அவை பெறும் ஒளியை ஒன்றுசேர்ப்பார்கள். விண்மீனின் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, பக்கத்திலுள்ள கோளின் மங்கிய ஒளி மிஞ்சும். ஐரோப்பாவின் 'டார்வின்' திட்டம் 2007-இல் நின்றுபோனது. இப்போது 'லைஃப்' என்ற திட்டத்தை வகுத்து வருகிறார்கள்.

ஜேக்கப்புக்கு எட்டிய உயரம் மலைதான். உடல்நலம் குன்றி 1859-இல் சென்னைப் பதவியை விட்டவர், பூனா அருகே மலைமேல் வானாய்வுக்கூடம் அமைக்க விரும்பினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கு 1,000 பவுன் ஒதுக்கியது. 1862 ஆகஸ்டு 8-இல் பம்பாயில் வந்திறங்கினார். எட்டாம் நாள், மலை ஏறாமலே, பூனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.