ஐந்து சான்றுகள் போதுமா?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையுடன் 1 கூட்டினால் கிடைக்கும் எண் இது. கணித மேதை ஒருவரின் நம்பிக்கை பொய்த்தது இந்த எண்ணில்தான். அதைக் கண்டறிந்தவர், அப்போது 25 வயதே ஆன லியோனார்டு ஆய்லர்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1707 ஏப்ரல் 15 அன்று பிறந்தவர் ஆய்லர். தம்மைப் போலவே மகனும் சமய போதகராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். இளைஞனின் கணிதத் திறனை உணர்ந்த பேராசிரியர் யோகான் பெர்னூலி, தந்தையிடம் பேசி அவரது மனத்தை மாற்றினார். 1727-இல் ரஷியா சென்ற ஆய்லர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியேற்றார்.

1729 டிசம்பரில் நண்பர் கோல்ட்பாக் எழுதிய கடிதம் பழைய கேள்வி ஒன்றை அவர் முன் வைத்தது. சுமார் 90 ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் ஃபெர்மா, 3, 5, 17, 257, 65537 என்ற தொடரை ஆராய்ந்தார். ஓர் எண்ணில் 1 கழித்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 1 கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இவை ஐந்தும் பகா எண்கள். அதாவது 1 மற்றும் தன்னைத் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. எனவே, தொடர் முழுவதும் பகா எண்களே என்று அவர் நம்பினார். ஆனால், அதை நிறுவ அவரால் இயலவில்லை.

தொடரின் ஆறாவது எண்தான் நாம் தொடக்கத்தில் கண்டது. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பதானால் 6,500-க்கும் மேற்பட்டவற்றைச் சோதிக்க நேரிடும். 1732-இல் ஆய்லர் விடையை அறிவித்தார்: அந்த எண் 641-ஆல் வகுபடும், ஈவு 67,00,417. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதைப் பின்னாளில் அவர் நிறுவினார். அவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

அதன்பின் வாழ்க்கை அவரைக் கடுமையாகச் சோதித்தது. 1738-இல் வலக்கண் பார்வை போயிற்று. பெர்லினில் 25 ஆண்டுகள் பணியாற்றி 1766-இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். 1771-இல் வீடு தீக்கிரையானது. அதே ஆண்டு செய்த கண் அறுவைக்குப் பின் மறு கண்ணின் பார்வையும் பறிபோனது. எனினும் ஆய்வு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே 214,74,83,647 பகா எண்தான் என்று நிறுவிக் காட்டினார். அதைப் பகா எண் என்று 1644-லேயே கூறியவர் பிரான்சின் மெர்சேன். ஃபெர்மாவின் கூற்றைத் தள்ளிய அதே அளவுகோல், மெர்சேனின் இக்கூற்றை ஏற்றது. 1783-இல் மறையும்வரை ஆய்லர் கணக்கிடுவதை நிறுத்தவில்லை.

ஃபெர்மாவின் தொடரில் ஐந்துக்குப் பின் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கண்டறியப்படவில்லை. பொருளாதாரம் கற்பித்த நாள்களில், ஐந்தாண்டு வளர்ச்சி விகிதத்தைக் கொண்டு ஆறாம் ஆண்டையும் உறுதியாகக் கணித்த மாணவர்களுக்கு இந்த எண்ணைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். சில ஆண்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு எதிர்காலத்துக்கே உறுதியளிப்போர் இன்றும் நம்மிடையே உண்டு. சொல்பவரின் பெருமையும், பொருந்திவந்த சில சான்றுகளும் நிரூபணம் ஆகிவிடாது. ஆறாவதையும் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.