சமையல் பிரிவில் இருந்த போர் ஹீரோ: யார் இந்த டோரிஸ் மில்லர்?

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியபோது, அமெரிக்கப் போர்க்கப்பல் வெஸ்ட் வர்ஜீனியாவில் அழுக்குத் துணிகளைச் சேகரித்துக்கொண்டு இருந்தார் டோரிஸ் மில்லர். வயது 22. டெக்சாஸ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பினத்தவர் என்பதால் கடற்படையில் கிடைத்தது சாப்பாடு பரிமாறுற வேலைதான். எந்திரத் துப்பாக்கிப் பயிற்சியே தரல.

ஆனா அன்னைக்கு, படுகாயமடைந்த கேப்டனைத் தூக்கி நகர்த்தினார். பிறகு எந்திரத் துப்பாக்கியைப் பிடித்து, குண்டுகள் தீரும்வரை விமானங்களை நோக்கிச் சுட்டார்.

1942-ல் நேவி கிராஸ் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவர்தான். பதக்கம் வந்தும் வேலை என்னவோ சமையல் பிரிவில்தான். 1943 நவம்பர் 24-ல் ஜப்பான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கிய லிஸ்கம் பே கப்பலோடு அவரும் போனார். உடல்கூட கிடைக்கல.

2020-ல், புதிய விமானம் தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயரையே அறிவித்தது அதே கடற்படை.