பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ்

ஓர் ஊரைச் சீர்திருத்தப் புகும் நகரசபையார் செய்யும் முதற் காரியம் யாது? பெரும்பாலும் வரைபடத்தின்மீது நேர்கோடு ஒன்று இழுத்து, அக்கோட்டில் அகப்பட்ட வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுவதே. மூன்று தலைமுறையாக அங்கு வாழ்ந்துவந்த குடும்பத்தார்க்கு அந்த நோட்டீஸைக் கண்ட பின்னரே செய்தி தெரியவரும். இம்முறை பிழையென்பதை நம் தென்னாட்டு ஊர்களிலேயே தெருத்தெருவாக நடந்து எடுத்துக்காட்டிய ஸ்காட்லாந்து தேசத்துப் பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மாதம் நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்கின்றோம். நம்மவரிற் பஞ்சாயத்து, நகரசபைகளில் அமரும் வாய்ப்புடையோர் இதனைச் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றோம்.

பாட்ரிக் கெடிஸ் 1854ஆம் ஆண்டில் பல்லட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இலண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். 1879இல் ஆராய்ச்சியின்பொருட்டு மெக்ஸிகோ சென்றவிடத்து, கண்ணொளி மங்கிச் சிலகாலம் இருளறையிற் கிடக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும், நுண்பெருக்கியை நெடுநேரம் நோக்கும் வலிமை கண்களுக்கு இல்லாது போயிற்று. செடியையும் சிற்றுயிரையும் ஆராய்ந்தவர், மனிதர் கூடிவாழும் ஊர்களையும் ஆராயத் தலைப்பட்டார். 1888 முதல் டண்டீ நகரக் கல்லூரியிற் பல்லாண்டு தாவரநூற் பேராசிரியராகவும் விளங்கினார்.

1886இல் அன்னா என்னும் அம்மையாரை மணந்த கெடிஸ், எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியிற் குடிபுகுந்தார். செல்வர் கைவிட்டுப் போன அவ்விடத்தில், இடிந்த மாடிகளில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்தனர். தம்பதிகள் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. தம் வீட்டைத் தூய்மை செய்தனர், சுண்ணாம்பு அடித்தனர், பலகணியிற் பூச்செடி வைத்தனர். அயலாரும் மெல்ல மெல்ல உடன்கூடினர். 1892இல் அந்நகரத்துக் கோபுரம் ஒன்றை மேற்கொண்டு, நகரவாசிகள் தம் ஊரைத் தாமே கண்டறியும் காட்சிசாலை ஆக்கினார். கோபுரத்து உச்சியில், சுற்றுப்புறம் முழுதும் ஒரு மேசைமீது நிழலுருவாக விழுமாறு கண்ணாடி அமைக்கப்பட்டிருந்தது. தன் ஊரை முழுதாகக் காணாதவன் அதன் பரிபாலனத்தில் எங்ஙனம் கருத்துச் செலுத்துவான் என்பது அவர் எண்ணம்.

சென்னைக் கவர்னராயிருந்த பெண்ட்லண்டு பிரபு, கெடிஸை அவர் தொகுத்திருந்த நகர அமைப்புக் கண்காட்சியோடு இந்நாட்டிற்கு அழைத்தார். 1914இல் அவர் வந்து சேர்ந்தார். கண்காட்சிப் பொருள்கள் வந்துசேரவில்லை. அவற்றை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. (அவ்வெம்டனின் பெயர் நம் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட செய்தி யாவரும் அறிந்ததே.) நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னை செனெட் மண்டபத்திற் கண்காட்சி நடந்தது.

பின்னர் தஞ்சை, மதுரை, பல்லாரி முதலிய ஊர்களைச் சுற்றிப்பார்த்து அறிக்கைகள் வரைந்தார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்புகளை ஊடறுத்து நேர்வீதிகள் இட அதிகாரிகள் திட்டமிட்டிருந்தனர். கெடிஸ் அச்சந்துகளில் நடந்து, ஒவ்வொரு வீட்டையும் மரத்தையும் கிணற்றையும் நோக்கினார். பாழ்பட்ட சில கட்டடங்களை மட்டும் நீக்கி, வெற்றிடங்களை இணைத்து, மரம் நட்டால், குடிகளை விரட்டாமலே காற்றும் வெளிச்சமும் பெறலாம், செலவும் பெரிதும் குறையும் என்று எழுதினார். நோயறியாது கத்தியெடுக்கும் வைத்தியனை நாம் நம்புவோமா? முதலில் ஊரை ஆராய்தல், பின்னரே திட்டம் என்பதே அவர் வைத்திய முறை.

1917ஆம் ஆண்டு அவருக்குக் கொடியதாயிற்று. மூத்த மகன் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் மடிந்தான். சில வாரங்களில் அன்னா அம்மையாரும் கல்கத்தாவிற் காய்ச்சலால் உயிர்நீத்தார். ஆயினும் அவர் பணியை நிறுத்தினாரல்லர்.

இந்தூர் சமஸ்தானத்தில் அவர் செய்த காரியமே நமக்கு மிக வியப்பளிப்பது. அந்நகரைப் பிளேக் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. எலி ஒழிப்பு, குப்பை அகற்றல் ஆகியவற்றைக் கட்டளையிட்டு நடத்த முயன்றால் ஜனங்கள் ஐயுறுவர். கெடிஸ் மகாராஜாவிடம், ஒருநாளைக்கு அரச அதிகாரத்தைத் தமக்குத் தரவேண்டினார். தீபாவளியில் ஒரு பெருஞ் சுவாமி ஊர்வலம் நடக்கும் எனவும், அது இந்துக்களின் வழக்கமான வீதியிலோ முஸ்லிம்களின் வழக்கமான வீதியிலோ செல்லாது, எத்தெரு மிகத் தூய்மையோ அத்தெரு வழியே செல்லும் எனவும் பறைசாற்றுவித்தார். குப்பையை இலவசமாய் அகற்ற வண்டிகள் விடப்பட்டன. அவ்வளவே! தெருவுக்குத் தெரு போட்டியிட்டு, வீட்டைப் பழுதுபார்ப்பாரும் வெள்ளையடிப்பாரும் மரம் நடுவாருமாக ஊரே எழுந்தது.

ஊர்வலத்தில் லட்சுமி தேவி யானைமீது எழுந்தருளினாள். அழுக்கரக்கனின் பேருருவும், பிளேக் எலியின் உருவும் பின்வந்தன. அவற்றின்பின் குப்பை அள்ளும் தொழிலாளர் புதிய வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை அணிந்து, மாலை சூடி, அலங்கரித்த வண்டிகளோடு நடந்தனர். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் அன்று ஊர் நடுவே மரியாதை பெற்றனர். தொடர்ந்து, நகரில் எழுப்பக் கருதிய கட்டடங்களின் மாதிரிகள் தேர்களில் வந்தன. புதிய திட்டத்தைப் படித்தறியாதவரும் கண்ணாற் கண்டனர். துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. இறுதியில் அரக்கனும் எலியும் எரியூட்டப்பட்டனர்.

இது மன்னர் தந்த ஒருநாள் அதிகாரமேயன்றி ஜனங்கள் வாக்களித்துப் பெற்ற உரிமையன்று என்பதை நாம் மறைக்கவில்லை. அதிகாரமில்லாத நகரசபை அங்கத்தினர் ஒருவர் இவ்வாறு செய்யவியலுமோ என்பது ஐயமே. மேலும், கெடிஸ் தாடிக்குள் முணுமுணுப்பவர், நடையிற் கடினமானவர் என்று நண்பர்களும் குறைகூறினர். அத்தகையவர் பாமரருடன் பேசத் திருவிழாவையே மொழியாகக் கொண்டமை நயக்கத்தக்கது.

1919இல் பம்பாய்ச் சர்வகலாசாலையிற் சமூகவியற் பேராசிரியரானார். 1924இல் பிரான்ஸ் தேசத்து மோன்பெல்லியே நகரிற் குடியேறி, அங்கே ஒரு கல்லூரி நிறுவி, சர் பட்டம் பெற்ற 1932ஆம் ஆண்டிலேயே காலமானார். இந்திய நகரங்களைப்பற்றிய அவர் அறிக்கைகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் 1947இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. தஞ்சையைப் பற்றி அவர் எழுதியதை இன்றும் அதிற் படிக்கலாம்.