அடித்துப் பேசினால் அபராதம்... விவாதம் சண்டையாகாமல் பார்த்துக்கொண்ட பெஞ்சமின் பிராங்க்ளின்!

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் நீளமான தலைமுடியோடு ஒரு பெரியவர் படம் இருக்கும். அவர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர், அமெரிக்கா என்ற நாடு உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். இன்னொரு விஷயத்திலும் அவர் கெட்டிக்காரர். எவ்வளவு சூடான விவாதமாக இருந்தாலும், அது கைகலப்பு வரை போகாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

வாதம் என்றால் அவ்வளவு ஆசை

1706ல் பாஸ்டனில், மெழுகுவர்த்தியும் சோப்பும் தயாரிப்பவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு 10 வயதோடு முடிந்துபோனது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

சின்ன வயதில் பிராங்க்ளின் சரியான வாதப் பிரியர். அப்பாவின் மதச் சர்ச்சைப் புத்தகங்களைப் படித்துப் படித்தே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வாதத்தில் ஜெயிப்பார். ஆனால் ஜெயித்த கையோடு எதிரில் இருப்பவரின் மனசையும் நோகடித்துவிடுவார். இது பகையைத்தான் வளர்க்கும் என்பது போகப் போகத்தான் அவருக்கே புரிந்தது.

12 பேர், ஒரு விதி

17 வயதில் வீட்டை விட்டு ஓடி பிலடெல்பியா போனார். அங்கே 1727ல் ஜுன்டோ என்ற சிறு குழுவைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மொத்தம் 12 பேர். கண்ணாடி வேலை செய்பவர், நில அளவையாளர், தச்சர், குமாஸ்தா எனப் பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடுபவர்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடி அறிவியல், அரசியல், ஒழுக்கம் பற்றிப் பேசுவார்கள்.

விவாதத்துக்கு ஒரு தலைவர் இருப்பார். உண்மையைத் தேடிப் பேச வேண்டும், ஜெயிப்பதற்காகப் பேசக்கூடாது. நான் சொல்வதுதான் சரி என்று அடித்துப் பேசினாலோ, நீ சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேரே மறுத்தாலோ சின்னதாக ஒரு அபராதம் கட்ட வேண்டும்.

எல்லாருக்கும் இது ஒத்துவரவில்லை. குழுவில் இருந்த தாமஸ் காட்ஃப்ரே நல்ல கணித அறிவு உள்ளவர். ஆனால் யார் எது சொன்னாலும் அதில் அற்பமான ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடுவார். சீக்கிரமே அவர் விலகிப்போனார். குழு பல ஆண்டுகள் நீடித்தது. 1731ல் பிலடெல்பியாவின் சந்தா நூலகம் பிறந்ததும் இந்த நண்பர்கள் வட்டத்திலிருந்துதான்.

நண்பர் சொன்ன கசப்பான உண்மை

விதி போட்டவரே முழுசாகத் திருந்திவிட்டாரா என்றால், இல்லை. தான் வளர்த்துக்கொள்ள வேண்டிய 12 நல்ல குணங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தார் பிராங்க்ளின். பேச்சில் தலைக்கனம் தெரிகிறது என்று ஒரு நண்பர் உதாரணங்களோடு எடுத்துச் சொன்னார். பிராங்க்ளின் கோபப்படவில்லை. 13வதாக அடக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். நிச்சயமாக, சந்தேகமே இல்லாமல் போன்ற சொற்களை விட்டுவிட்டு, எனக்கு இப்படித் தோன்றுகிறது என்ற பாணிக்கு மாறினார். உள்ளுக்குள் அடக்கம் பெரிதாக வந்துவிடவில்லை, பேச்சிலாவது வந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

பெரிய சோதனை

மின்சாரம் பற்றிய அவருடைய ஆய்வுகள் 1751ல் லண்டனில் புத்தகமாக வந்தன. அடுத்த ஆண்டு பிரான்சில் அவர் சொன்ன முறைப்படி ஒரு இரும்புக் கம்பியை நட்டு, இடிமேகத்திலிருந்து மின்பொறியை எடுத்துக் காட்டினார்கள்.

பிரான்சின் பிரபல மின்சார ஆய்வாளரான அபே நோலேவுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய கோட்பாடே ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் இருந்து இப்படி ஒரு ஆய்வு வந்திருக்கும் என்றே அவர் முதலில் நம்பவில்லை. பாரிசில் இருக்கும் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று நினைத்தார். பிறகு பிராங்க்ளினை மறுத்து ஒரு புத்தகமே போட்டார்.

பிராங்க்ளின் பதில் எழுத உட்கார்ந்தார், பாதியில் நிறுத்திவிட்டார். ஏன்? சோதனைகளை யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம். சரியாக வந்தால் வாதாடத் தேவையில்லை, வராவிட்டால் வாதாடியும் பயனில்லை. அதோடு, இரண்டு மொழிகளில் நடக்கும் சண்டையில் மொழிபெயர்ப்புக் குழப்பமே வம்பை வளர்க்கும். அந்த நேரத்தில் புதிய சோதனை செய்யலாம் என்று முடிவெடுத்தார். கடைசியில் என்ன ஆனது? அவர் ஒரு வரி பதில் எழுதாமலேயே அவருடைய கோட்பாடு ஐரோப்பாவில் ஏற்கப்பட்டது. 1753ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது.

வீட்டில் மட்டும் தோல்வி

ஊரைச் சமாதானப்படுத்தியவரால் மகனோடு சமாதானமாக முடியவில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் மகன் வில்லியம் பிரிட்டன் பக்கம் நின்றார். அந்த விரிசல் கடைசி வரை சரியாகவே இல்லை.

81 வயதிலும் அதே பாடம்

1787ல் அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கிய மாநாட்டில் மாதக்கணக்கில் காரசாரமான வாக்குவாதம். கடைசி நாளில் பிராங்க்ளின் எழுதிய உரையை வேறொருவர் வாசித்தார். சட்டத்தின் சில பகுதிகள் தனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் வயதாக ஆகத் தன் முடிவுகள் மீதே சந்தேகம் வருகிறது, மற்றவர்களும் தங்கள் மீது கொஞ்சம் சந்தேகம் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அன்று அங்கிருந்தவர்களில் 3 பேர் மட்டுமே கையெழுத்துப் போடவில்லை.

1790 ஏப்ரல் 17ல், 84 வயதில் பிராங்க்ளின் காலமானார்.