பி. இராமகிருஷ்ண ராவ்

பாப் ராவ் என அறியப்பட்ட பந்த்வால் இராமகிருஷ்ண ராவ் (1951 - டிசம்பர் 10, 2002) ஒரு கணினிப் பொறியாளர் ஆவார். செயலிக்கான ஆணைகளை எந்த நேரத்தில் எதை இயக்குவது என முன்கூட்டியே வரிசைப்படுத்தும் முறைகளை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். கம்பைலர் எனப்படும் நிரல்மொழிமாற்றிகளில் இன்றும் பயன்படும் மாடுலோ அட்டவணையிடல் இவரது ஆய்விலிருந்து தோன்றியதாகும்.

வாழ்க்கை

ராவ் 1972-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1973-இல் முதுநிலைப் பட்டமும் 1977-இல் முனைவர் பட்டமும் பெற்றார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றியபின் தொழில்துறைக்குச் சென்றார்.

1984-இல் சைட்ரோம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ராவ், அதன் தலைமை வடிவமைப்பாளராகவும் இருந்தார். அங்கு உருவான சைட்ரா 5 கணினி, 256 பிட் நீளமுள்ள ஒரே ஆணைச் சொல்லில் ஏழு செயல்களைத் தாங்கியது. அவற்றை ஒன்றோடொன்று மோதாமல் அடுக்கும் பொறுப்பு வன்பொருளிடமன்றி நிரல்மொழிமாற்றியிடமே இருந்தது. சைட்ரோம் 1988-இல் மூடப்பட்டது. ராவ் 1989-இல் எச்.பி. ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஆணைகளை வகைப்படுத்தல்

ஒரு செயலியில் நூற்றுக்கணக்கான ஆணைகள் இருக்கலாம். அட்டவணையிடுவதற்கு அவற்றின் பெயர்கள் முக்கியமல்ல. ஓர் ஆணை செயலியின் எந்த உறுப்பை எத்தனையாவது கடிகாரத் துடிப்பில் பிடித்துக்கொள்கிறது, அதன் விடை எத்தனை துடிப்புகளுக்குப் பின் கிடைக்கும் என்பவையே தேவை. இவ்வகையில் கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் ஒரே வகுப்பில் அடங்கும். நெடுநேரம் எடுக்கும் வகுத்தல் தனி வகுப்பாகும். எச்.பி. ஆய்வகத்தில் ராவின் குழுவினர் இவ்விவரங்களை நிரல்மொழிமாற்றியிலிருந்து பிரித்து, தனியான இயந்திர விவரணையாக அமைத்தனர். இதனால் செயலி மாறும்போது விவரணையை மாற்றினால் பெரும்பாலும் போதுமானது.

மாடுலோ அட்டவணையிடல்

1981-இல் சி. டி. கிளேசருடன் இணைந்து எழுதிய கட்டுரையில் ராவ் இம்முறைக்கு அடித்தளமிட்டார். நிரலின் ஒரு மடக்கில் முதற் சுற்று முடியும்வரை காத்திராமல், அடுத்த சுற்றைச் சீரான இடைவெளியில் தொடங்குவதே இதன் கருத்து.

தென்காசியிலிருந்து ஆறு பேர் குற்றாலத்துக்கு நீராடச் செல்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு எண்ணெய் தேய்க்க 20 நிமிடம், அருவியில் நிற்க 10 நிமிடம், தலை துவட்டி உடை மாற்ற 5 நிமிடம் ஆகும். எண்ணெய் தேய்ப்பவர் இருவர். அருவியில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம் உண்டு. ஒருவர் முழுதும் முடித்தபின் அடுத்தவர் தொடங்கினால் 210 நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒருவராகத் தொடங்கினால் 85 நிமிடங்களில் அனைவரும் முடித்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் ஆகும் 35 நிமிடம் குறையவில்லை. தொடங்கும் இடைவெளியே குறைந்தது.

இந்த இடைவெளியின் கீழெல்லையை இரண்டு காரணிகள் வரையறுக்கின்றன: உறுப்புகளின் எண்ணிக்கை, ஒரு சுற்றின் விடைக்காக அடுத்த சுற்று காத்திருக்கவேண்டிய நேரம். 1994-இல் ராவ் வெளியிட்ட மறுசெய்கை முறையில் இக்கீழெல்லையிலிருந்தே முயற்சி தொடங்கும். ஓர் ஆணைக்கு இடம் கிடைக்காவிடில், முன்பு வைத்த ஆணையை நீக்கி வேறிடத்தில் வைக்கும். குறித்த அளவு முயன்றும் அமையாவிடில் இடைவெளி ஒரு துடிப்பு கூட்டப்படும்.

தாக்கம்

எச்.பி.யும் இன்டெல்லும் இணைந்து உருவாக்கிய இட்டானியம் செயலி 2001-இல் வெளிவந்தது. சைட்ரா 5-இல் இருந்த சுழலும் பதிவகங்களும் நிபந்தனையுடன் இயங்கும் ஆணைகளும் அதில் இடம்பெற்றன. நிரல் இயங்கும்போதுதான் தெரியவரும் நினைவகத் தாமதங்களை முன்கூட்டியே கணிப்பது கடினம் என்பது இவ்வகைச் செயலிகளின் குறையாகும். எதிர்பார்த்த சந்தையைப் பெறாத இட்டானியத்தின் விற்பனை 2021-இல் நிறைவுற்றது. எனினும் ராவின் முறை அச்செயலியோடு மறையவில்லை. மாடுலோ அட்டவணையிடலின் வடிவங்கள் ஜி.சி.சி., எல்.எல்.வி.எம். ஆகிய கட்டற்ற நிரல்மொழிமாற்றிகளில் உள்ளன. குறிகைச் செயலிகளுக்கான நிரல்மொழிமாற்றிகளும் அதனைப் பயன்படுத்துகின்றன.

ராவுக்கு 2002-ஆம் ஆண்டின் எக்கர்ட்-மாக்லி விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் அவர் காலமானார். அவர் நினைவாக ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் பி. இராமகிருஷ்ண ராவ் விருதை நிறுவியுள்ளது.