தாய்மாமன் தந்த கூடாரம்

அரசு என்ற அமைப்பு எப்படித் தோன்றியது என்ற கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதார வகுப்புகளில் கேட்டு வந்தவன் நான். அதற்கு நான் சொல்லி வந்த விடை, அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மான்கர் ஓல்சன் 1993-இல் எழுதிய கட்டுரையில் உள்ளது. அலைந்து திரியும் கொள்ளையன் அகப்பட்டதையெல்லாம் வாரிச் செல்வான். அவனே ஓரிடத்தில் நிலைத்துவிட்டால், அடுத்த ஆண்டும் விளைய வேண்டுமே என்பதற்காக ஒரு பங்கை மட்டும் வரியாக எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் காத்து நிற்பான். மக்களுக்கும் இதனால் நன்மையே என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி வகுப்பை முடித்துவிடுவேன்.

ஒருமுறை மாணவர் ஒருவர், அந்தக் கொள்ளையனோடு சேர்ந்து அலைந்த கூட்டாளிகள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். விடை சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பின் சீன வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மனிதனின் வாழ்க்கையே இருக்கிறது என்று கண்டேன். அவன் பெயர் தோபா குய்.

ஹான் பேரரசு 220-இல் முடிந்த பின், அடுத்த நூற்றாண்டில் வடசீனம் சிதறுண்டு, புல்வெளிகளிலிருந்து வந்த பல குலத்தாரின் சிற்றரசுகளாக ஆனது. அவர்களுள் சியான்பெய் என்னும் நாடோடி மக்களும் இருந்தனர். குதிரையும் ஆட்டு மந்தையுமே அவர்களின் செல்வம். அம்மக்களின் ஒரு பிரிவான தோபா குலம், இன்றைய உள்மங்கோலியாவின் தெற்கே டாய் என்ற சிறு நாட்டை ஆண்டது. அந்நாட்டு மன்னனின் பேரனாக 371-இல் குய் பிறந்தான். தன் தந்தையான மன்னனைத் தாக்க வந்தவனைத் தடுத்துக் காயமுற்ற இளவரசன், மகன் பிறக்கும் முன்பே மாண்டுபோனான். 376-இல் ஃபூ ஜியான் என்ற பேரரசனின் படைகள் டாய் நாட்டையே அழித்தன. ஐந்து வயதுச் சிறுவன் தாயோடு அடைக்கலம் தேடினான்.

அடைக்கலம் தந்தவன் துகு குலத் தலைவன் லியூ குரென். அவன் உள்ளவரை குறையில்லை. ஆனால் 383-இல் ஃபெய் ஆற்றுப் போரில் ஃபூ ஜியான் தோற்று, அவன் பேரரசு நொறுங்கியபோது புல்வெளியும் கலங்கியது. குரென் கொல்லப்பட்டான், அவன் மகன் லியூ சியான், தன் சிற்றப்பனைக் கொன்று தலைமையைப் பிடித்தான். பழைய அரச குலத்து வாரிசு கண்முன் வளர்வதை அவன் விரும்பவில்லை. கொலைத் திட்டம் தாயின் காதுக்கு எட்டியது.

அத்தாய் ஹேலான் குலத்துப் பெண். அன்றிரவு அவள் லியூ சியானுக்கு மதுவை ஊற்றிக் கொடுத்து மயங்க வைத்தாள். மகன் சில துணைவரோடு தப்பினான். விடியும் வேளையில் கொட்டிலில் நின்ற குதிரைகளை அவளே மிரள விட்டு, அந்த ஆரவாரத்தில் லியூ சியானை அங்கே வரவழைத்தாள். நேற்றுவரை இங்கிருந்த தன் பிள்ளைகளைக் காணோமே என்று அழுது நின்றாள். அதனால் துரத்தல் தாமதப்பட்டது. பையன் போய்ச் சேர்ந்த இடம் அவள் அண்ணன் ஹேலான் நாவின் கூடாரம். தாய்மாமன் என்ற உறவின் கனத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாமன் வீட்டிலும் ஆபத்து இருந்தது. நாவின் தம்பியே இளைஞனைக் கொல்ல ஆட்களோடு வந்து சூழ்ந்துகொண்டான். தாய் வெளியே வந்து நின்று, தன் மகனைக் கொன்றுவிட்டுத் தன்னை எங்கே வைக்கப் போகிறாய் என்று உடன்பிறந்தவனைக் கேட்டாள். அவன் வெட்கித் திரும்பினான். மூத்த மாமனோ மருமகன் பக்கம் உறுதியாக நின்றான். 386-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குலங்கள் கூடி அந்தப் பதினைந்து வயது இளைஞனை டாய் மன்னனாக ஏற்றன. அதே ஆண்டில் நாட்டின் பெயரை அவன் வெய் என்று மாற்றினான். போதிதருமரோடு சேர்த்து நாம் பேசும் ஷாவோலின் கோயில் எழுந்தது அந்த வெய் அரசமரபின் காலத்தில்தான் என்பதை இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன்.

மன்னன் என்ற பட்டத்துக்கு அப்போது பொருள் அதிகமில்லை. புல்வெளித் தலைவனின் அதிகாரம் நிலத்தின் மீதானது அன்று; மனிதர்களின் மீதானது. மனிதர்களுக்கோ குதிரை உண்டு. பிடிக்கவில்லை என்றால் மந்தையை ஓட்டிக்கொண்டு இரவோடு இரவாக வேறொருவனிடம் போய்விடலாம். சொந்தச் சிற்றப்பன் ஒருவனே போட்டிக்கு வந்தபோது குய்யின் ஆட்கள் பலர் கட்சி மாறத் தயாராயினர். கிழக்கே வலுப்பெற்றிருந்த யென் நாட்டு மன்னன் முரோங் சுய்யிடம் படை உதவி பெற்றுத்தான் அவன் பிழைத்தான். ஆட்களைத் தன்னுடன் இருத்தி வைக்க ஒரே வழி கொள்ளையிட்டுப் பங்கு கொடுப்பது. ஆண்டுதோறும் படையெடுப்பு, ஆண்டுதோறும் பங்கீடு. 391-இல் பகைவன் லியூ வெய்ச்செனை அழித்தபோது கிடைத்தவை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் என்று அவ்வமரபின் வரலாற்று நூல் கணக்குச் சொல்கிறது. அரண்மனை எழுத்தர்களின் எண்களில் பாதியைக் கழித்துவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். பாதியே என்றாலும் அது பெருஞ்செல்வம்.

முரோங் சுய் குதிரைகள் கேட்டு நெருக்கினான், குய் மறுத்தான், நட்பு முறிந்தது. 395-இல் யென் இளவரசன் முரோங் பாவ் பெரும்படையோடு வந்தான். குய் சண்டையிடவில்லை. மக்களையும் மந்தைகளையும் ஓட்டிக்கொண்டு மஞ்சள் ஆற்றைக் கடந்து மேற்கே வெகுதூரம் போய்விட்டான். ஆனால் ஒன்றை அவனால் ஓட்டிச் செல்ல முடியவில்லை. முந்தைய ஆண்டு ஆற்றங்கரையில் அவன் பயிர்செய்கைக் குடியிருப்புகளை ஏற்படுத்தியிருந்தான்; அங்கு விளைந்த பனிவரகை யென் படை அறுவடை செய்து தின்றது. மந்தைக்குக் கால் உண்டு, பயிருக்கு இல்லை. பயிரிடுவோனிடமிருந்து வரி வாங்குவது எளிது என்பதற்கும், பயிரிடும் அரசனைத் தாக்குவது எளிது என்பதற்கும் காரணம் ஒன்றே. இதைக் குய் அந்த ஆண்டில் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கிழ மன்னன் முரோங் சுய் இறந்துவிட்டான் என்ற வதந்தியைக் குய்யின் ஆட்கள் பரப்பினார்கள். கலங்கிய இளவரசன் படகுகளை எரித்துவிட்டுத் திரும்பினான். ஆறு உறையவில்லை, பின்தொடர முடியாது என்று எண்ணினான். சில நாட்களில் கடுங்காற்று வீசி ஆறு உறைந்தது. 20 ஆயிரம் குதிரை வீரர்களோடு பனிக்கட்டி மீது கடந்த குய், சான்ஹே சரிவில் விடியற்காலையில் எதிரியின் பாசறை மீது இறங்கினான். பல்லாயிரவர் ஆயுதம் கீழே போட்டனர். உணவும் உடையும் தந்து அவர்களை ஊருக்கு அனுப்பவே முதலில் அவன் நினைத்தான். வாங் ஜியான் என்ற தளபதி தடுத்து, கொன்றுவிடச் சொன்னான். கொன்றார்கள்.

அதன் விலை இரண்டாண்டுக்குள் தெரிந்தது. யென் நாட்டின் தலைநகர் ஜோங்ஷானை அவன் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் சரணடைய மறுத்தார்கள். சான்ஹேயில் சரணடைந்தவர்களின் கதி அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்ட குய் திரும்பி வாங் ஜியானின் முகத்தில் உமிழ்ந்தான். ஆணையிட்டவன் அவன்தான் என்பதை நூல் அவ்விடத்தில் நினைவூட்டவில்லை. 397-இல் ஒருவழியாக நகரம் வீழ்ந்தது.

இப்போது அவன் கையில் உழவர்கள் நிறைந்த பெருஞ்சமவெளி இருந்தது. 398-இல் தலைநகரைப் பிங்செங்குக்கு மாற்றினான். இன்றைய தாதோங் நகரம் அது. வென்ற நாட்டின் உழவர்களையும் கைவினைஞர்களையும் பெருங்கூட்டமாக அங்கே பெயர்த்துக் கொண்டு வந்தான். வந்தவர்களுக்கு உழவு மாடு கொடுத்தான். தலைக்கு இவ்வளவு என்று எண்ணி நிலம் அளந்து கொடுத்தான். சுற்றியுள்ள பகுதிகளை எட்டு அதிகாரிகள் மேற்பார்த்தனர். விளைச்சலை அளந்து அவர்களின் திறமை மதிப்பிடப்பட்டது. ஆண்டு முடிவில் பேரரசன் என்று முடிசூட்டிக்கொண்டான். 485-இல் அவன் வழிவந்தோர் கொண்டுவந்த சமநில முறை பின்னர் சுய், தாங் பேரரசுகளுக்கும் அடித்தளமானது. என் கரும்பலகைப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

ஆனால் மாணவரின் கேள்வி மீதமிருக்கிறது. கூட்டாளிகள் என்ன ஆனார்கள்? தன்னை அரியணையில் ஏற்றிய குலங்களையே குய் கலைத்தான். ஒவ்வொரு குலத்துக்கும் இன்ன நிலம் என்று பிரித்து, அங்கேயே தங்கச் செய்து, இடம்பெயரத் தடை விதித்தான். தலைவர்களும் அவர்களின் மேய்ப்பர்களும் குடிக்கணக்குப் பதிவேட்டில் ஒரே வகைக் குடிமக்களாக எழுதப்பட்டனர். முரட்டுத்தனம் மிகுந்து வேலைக்கு அடங்காதவர்கள் என்று கருதப்பட்ட காவ்சே மக்கள் மட்டும் தங்கள் குல அமைப்போடு விடப்பட்டனர். ஒத்துழைத்தவன் இழந்தான், அடங்காதவன் தப்பினான். இந்த விநோதம் பொருளியல் பாடநூலில் இல்லை.

துகு குலமும் கலைக்கப்பட்டது, ஹேலான் குலமும் கலைக்கப்பட்டது. ஹேலான் குலத்தாரோடு இடையில் அவன் போரிட்டதும் உண்டு. ஒருநாள் தன்னைத் தாங்கிய கை இன்னொரு நாள் இன்னொருவனையும் தாங்கும் என்பதை அவன் அனுபவத்தால் அறிந்தவன். அதே அச்சம் வீட்டுக்குள்ளும் வந்தது. மூத்த மகனை வாரிசாக்க முடிவு செய்ததும், தாய்வழி உறவினர் நாளை ஆட்சியில் தலையிடக் கூடாது என்று அவனைப் பெற்ற துகு குலத்துப் பெண்ணைக் கொல்ல ஆணையிட்டான். தாயின் மதியால் உயிர் பிழைத்தவன் இப்படிச் செய்ததைப் படித்துவிட்டு அன்று நூலை மூடி வைத்தேன்.

கடைசி ஆண்டுகளில் அவன் ஒருவகை மருந்துப்பொடிக்கு அடிமையாகி, யாரைக் கண்டாலும் ஐயுற்று அதிகாரிகளைக் கொன்றான். தன் தாயின் தங்கையையே, அவள் கணவனைக் கொல்லச் செய்து, முன்பு மனைவியாக்கியிருந்தான். 409-இல் அவளையும் கொல்வதற்காகச் சிறைவைத்தான். அவள் மகனுக்குச் செய்தி அனுப்பினாள். பதினாறு வயதான அந்த இளவரசன் இரவில் சுவரேறி உள்ளே புகுந்து தந்தையைக் கொன்றான். மூத்தவன் திரும்பி வந்து தம்பியையும் அவன் தாயையும் கொன்று அரியணை ஏறினான்.

ஹேலான் நாவைப் பற்றி நூல் கடைசியாகச் சொல்வது மிகக் குறைவு. பேரரசனின் தாய்மாமன் என்பதால் பெரிதும் மதிக்கப்பட்டான். ஆனால் அவன் ஆணைக்கு உட்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. முதுமையில், தன் வீட்டில், இயற்கையாக இறந்தான்.